பெக் பூசிய தங்கத் துகளில் புரதம் ஏன் ஒட்டுகிறது: அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

பெக், அதாவது பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமர், பூசினால் தங்க நானோதுகளில் புரதம் ஒட்டாது என்று படித்திருப்போம். பூசுவோம், அல்புமினோடு கலப்போம், அளப்போம், பார்த்தால் ஒட்டியிருக்கும். இன்னொரு நாள் ஒட்டவே இல்லை என்று வரும். அதே துகளை செல்களோடு வைத்தால் எல்லாம் நேர்மாறாக நடக்கும். இரண்டு நாளும் பழி பாலிமர் மேல்தான் விழுகிறது. நான் பார்த்த வரையில் கோளாறு பெரும்பாலும் நாம் எண்ணாமல் விட்ட ஓர் எண்ணில் இருக்கும்: ஒரு சதுர நானோமீட்டர் தங்கத்தில் எத்தனை சங்கிலி உட்கார்ந்திருக்கிறது என்பது. மீதி, அளக்கும் முறையில் இருக்கும்.

கீழே எல்லா இடத்திலும் ஒரே மாதிரியை வைத்துப் பேசுகிறேன். 1951-இல் டர்கெவிச் குழு விரிவாக ஆராய்ந்த சிட்ரேட் முறையில் செய்த 15 நானோமீட்டர் தங்கத் துகள். மேலே, ஒரு முனையில் தயோல் (தங்கத்தைப் பிடிக்கும் கந்தக முனை) உள்ள, 5,000 டால்டன் மூலக்கூறு எடையுள்ள பெக். புரதம் என்றால் மாட்டு அல்புமின், அதாவது பிஎஸ்ஏ, பிறகு சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்). உங்கள் துகளின் அளவு வேறு என்றால் எண்கள் மாறும், வழி மாறாது.

## எதையும் தேடும் முன் ஒரு கணக்கு

இதைச் செய்யாமல் கீழே போகாதீர்கள். ஐந்து நிமிட வேலைதான்.

சிட்ரேட் கூழ்மத்தில் தங்கம் வழக்கமாக 0.25 மில்லிமோலார் இருக்கும். ஒளி உறிஞ்சலை அளக்கும் யுவி-விஸ் கருவியில் 400 நானோமீட்டரில் பாருங்கள்: 1 செ.மீ. க்யூவெட்டில் 1.2 என்று வந்தால் 0.5 மில்லிமோலார் தங்கம், 0.6 என்றால் 0.25. ஒரு 15 நானோமீட்டர் துகளுக்குள் ஏறக்குறைய 1,04,000 அணுக்கள் இருக்கின்றன. வகுத்தால் துகளின் செறிவு 2.4 நானோமோலார். ஒரு துகளின் மேற்பரப்பு சுமார் 707 சதுர நானோமீட்டர். எல்லாவற்றையும் பெருக்கினால், ஒரு மில்லிலிட்டரில் உள்ள மொத்தத் தங்கப் பரப்பு வெறும் 10 சதுர சென்டிமீட்டர். ஒரு தீப்பெட்டியின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் சேர்ந்தால் இதைத் தாண்டிவிடும்.

அந்த இடத்தில் எவ்வளவு அல்புமின் உட்கார முடியும்? பிஎஸ்ஏ பக்கத்துக்கு 8 நானோமீட்டர் உள்ள ஒரு தடித்த முக்கோணம் போன்றது. படுத்து உட்கார்ந்தால் சுமார் 28 சதுர நானோமீட்டர் பிடிக்கும். ஒரு துகளில் இருபத்தைந்து மூலக்கூறு. மில்லிலிட்டருக்கு 4 மைக்ரோகிராம். அவ்வளவுதான். பூச்சே இல்லாத துகளில் ஓர் அடுக்கு முழுதாக ஒட்டினாலும் உங்கள் ட்யூபில் தேட வேண்டிய புரதம் 4 மைக்ரோகிராம். நல்ல பூச்சு உள்ள துகளில் அதைவிடக் குறைவு.

இந்த 4 என்ற எண்ணை நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். கீழே வரும் அறிகுறிகளில் பாதி இதோடு ஒப்பிட்டாலே தெளிந்துவிடும்.

## அறிகுறி: பஃபரில் போட்டதுமே சிவப்பு ஊதாவாகிறது

இது புரதத்தின் வேலை இல்லை. பிபிஎஸ் (பாஸ்பேட்டும் உப்பும் கலந்த) பஃபரில் இருக்கும் உப்பு, துகளின் மேல் உள்ள சிட்ரேட்டின் எதிர்மின் விலக்கத்தை அடக்கிவிடுகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. ஒளி உறிஞ்சலில் 520 நானோமீட்டரில் இருந்த உச்சி தாழ்ந்து, 650 பக்கம் வால் எழும்பும்.

பெக் பூசிய துகள் பிபிஎஸ்ஸில் நிறம் மாறாமல் நிற்க வேண்டும். மாறினால் பூச்சு இன்னும் முடியவில்லை; புரதச் சோதனைக்குப் போகவே கூடாது. மாறாவிட்டால்? இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். உப்பைத் தாங்குவதற்குத் தேவையான நெருக்கம் குறைவு, புரதத்தைத் தடுப்பதற்குத் தேவையான நெருக்கம் மிக அதிகம். உப்புச் சோதனையில் தேறிய துகளை "நன்றாகப் பூசியாச்சு" என்று எடுத்துக்கொண்டு அடுத்த அறிகுறியில் வந்து நிற்பார்கள்.

## அறிகுறி: உப்பைத் தாங்குகிறது, ஆனால் அல்புமின் ஒட்டுகிறது

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நாற்றங்காலை நினைத்துக்கொள்ளுங்கள். நெருக்கமாக விதைத்த இடத்தில் ஒவ்வொரு நாற்றும் பக்கத்து நாற்றின் நெருக்கத்தால் நேராக நிமிர்ந்து நிற்கும். விரலை நுழைக்க முடியாது. அதையே பிடுங்கி அகல நட்டால் தலை சாய்ந்து படரும், இடையில் மண் தெரியும். பெக் சங்கிலியும் அப்படித்தான். 5,000 டால்டன் பெக் தனியாக நீரில் இருந்தால் சுமார் 6 நானோமீட்டர் ஆரமுள்ள பந்தாகச் சுருண்டு கிடக்கும். சங்கிலிகளுக்கு இடையிலான தூரம் அந்த 6-ஐ விடக் குறைந்தால் ஒன்றையொன்று நெருக்கி எழுந்து நிற்கத் தொடங்கும். சதுர நானோமீட்டருக்கு 0.03 சங்கிலி இருந்தாலே அந்த எல்லை வந்துவிடுகிறது. சங்கிலிகள் இப்படி எழுந்து நிற்பதைத்தான் தூரிகை நிலை என்கிறோம். அதனால் "தூரிகை நிலை வந்துவிட்டது" என்று மட்டும் சொல்வதில் பயன் இல்லை. டொரன்டோவில் வாரன் சான் குழு 2012-இல் வெளியிட்ட வேலையில், சங்கிலி நெருக்கத்தைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போய்ச் சீரப் புரதம் எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்த்தார்கள். சுமார் 0.16-க்குக் கீழே, மேக்ரோஃபேஜ் (அந்நியப் பொருளை விழுங்கும்) செல்கள் துகளை விழுங்குவதை ஒட்டிய புரதமே நடத்துகிறது. சுமார் 0.64-க்கு மேலே போனால் விழுங்குவது குறைகிறது, சீரம் இருப்பதும் இல்லாததும் ஒன்றாகிறது. அங்கேயும் புரதம் பூஜ்யத்துக்குப் போகவில்லை; குறைகிறது, எந்தப் புரதம் என்பது மாறுகிறது.

0.64 என்றால் சங்கிலிக்குச் சங்கிலி 1.25 நானோமீட்டர்தான் இடைவெளி. அல்புமினின் மெல்லிய பக்கமே 3 நானோமீட்டர் இருக்கும்போது ஏன் இவ்வளவு நெருக்கம் வேண்டும்? துகள் உருண்டையாக இருப்பதால். தங்கத்தின் மேல் ஒட்டிய இடத்தில் நெருக்கமாக இருக்கும் சங்கிலிகள் வெளியே போகப் போக விரிகின்றன. ஆரம் 7.5, அதற்கு மேல் 8 நானோமீட்டர் உயரத்தில் ஆரம் 15.5. பரப்பு நான்கு மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. அடியில் 0.64 என்றால் நுனியில் 0.15. புரதம் முதலில் பார்ப்பது நுனியைத்தான். தட்டையான தங்கத் தகட்டில் படித்த விதியை 15 நானோமீட்டர் துகளுக்கு அப்படியே எடுத்துவர முடியாததற்குக் காரணம் இது.

சரி, நெருக்கம் ஏன் குறைந்தது? நான் பார்க்கும் வரிசை இப்படி.

முதலில் பெக்-தயோல் பாட்டில். எப்போது திறந்தது என்று லேபிளைப் பாருங்கள். தயோல் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து, இரண்டு சங்கிலி சேர்ந்த டைசல்ஃபைடாக மாறும். டைசல்ஃபைடும் தங்கத்தில் ஒட்டும். ஆனால் பருத்த மூலக்கூறு என்பதால் மெதுவாக ஒட்டும், நெருக்கம் குறையும். நம்மூர்ப் புழுக்கத்தில் இன்னொரு தொல்லை உண்டு. மைனஸ் 20 டிகிரியிலிருந்து எடுத்த பாட்டிலை உடனே திறந்தால் குளிர்ந்த பொடியின் மேல் ஈரம் முத்து முத்தாகப் படியும். மூடியைத் திறக்காமலே அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள், அரை மணி நேரமாவது. பிறகு எடை போட்டு, சிறு சிறு பங்காகப் பிரித்து, ஆர்கான் ஊதி மூடி வையுங்கள். நான் ஒருமுறை மூன்று வாரம் முழுக்கப் புரதத்தையும் பஃபரையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் புதுப் பாட்டில் வந்த அன்றைக்கே ஒட்டுதல் குறைந்தது.

அடுத்தது அளவு. ஒரு மில்லிலிட்டரில் 10 சதுர சென்டிமீட்டர் தங்கம் என்று பார்த்தோம். சதுர நானோமீட்டருக்கு 4 தயோல் என்று தாராளமாக வைத்தாலும் 7 நானோமோல் போதும். 5,000 டால்டனில் 34 மைக்ரோகிராம். இதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் கூட்டுங்கள். பத்து மடங்கு போட்டவர்களும் உண்டு. அது தங்கத்துக்குக் கெடுதல் இல்லை, ஆனால் மிஞ்சியதைக் கழுவி எடுக்காவிட்டால் பின்னால் வரும் சோதனையைக் கெடுக்கும்.

மூன்றாவது, ஒட்டவிட்ட நிலை. வெறும் நீரில் சங்கிலிகள் நன்றாக விரிந்து இடத்தை அடைத்துக்கொள்கின்றன. முதலில் வந்து உட்கார்ந்தவை பின்னால் வருவதைத் தள்ளுகின்றன. உப்பும் வெப்பமும் கூடினால் பெக்குக்கு நீரோடு ஒட்டுறவு குறைந்து சுருங்கும், அதே இடத்தில் இன்னும் சில சங்கிலி உட்காரும். ஆனால் வெறும் சிட்ரேட் துகளில் உப்பைக் கொட்டினால் முந்தைய அறிகுறிதான் வரும். அதனால் முதலில் நீரில் ஒரு மணி நேரம் பெக் பூசி, துகள் தாங்கும் நிலைக்கு வந்த பிறகு சோடியம் குளோரைடைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, இரவு முழுக்க விடுங்கள்.

அப்படியும் இடைவெளி மிஞ்சினால், குட்டைப் பெக்கால் நிரப்பலாம். 5,000 டால்டன் பூசிக் கழுவிய பிறகு 1,000 டால்டன் பெக்-தயோல் போட்டால், நீண்ட சங்கிலி நுழைய முடியாத இடுக்கில் குட்டைச் சங்கிலி போய் உட்காரும். நான் முதலில் சிபாரிசு செய்யும் வைத்தியம் இதுதான். செலவு குறைவு, மறுநாளே பலன் தெரியும்.

நெருக்கத்தை அளக்க எளிய வழி மேல்நீரில் மிஞ்சிய தயோலை, தயோலோடு சேர்ந்தால் மஞ்சளாகும் எல்மன் வினைபொருளால் எண்ணுவது. 412 நானோமீட்டரில் மஞ்சள். மோலார் உறிஞ்சல் 14,150. 10 மைக்ரோமோலார் போட்டிருந்தால் தொடக்கத்தில் 0.14, பூசி முடித்துத் துகளை செண்ட்ரிஃப்யூஜில் இறக்கிய பிறகு மிஞ்சியது எவ்வளவோ அவ்வளவு. வித்தியாசம் தங்கத்தில் போனது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது: காத்திருக்கும் நேரத்தில் தயோல் தானாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்தாலும் எண் குறையும், நெருக்கம் பொய்யாகக் கூடித் தெரியும். தங்கமே இல்லாத ஒரு ட்யூபை அதே பெக், அதே நேரம், அதே வெப்பத்தில் பக்கத்தில் வைத்து அதிலிருந்து கழியுங்கள்.

## அறிகுறி: ஒரு துகளுக்கு 200 அல்புமின் என்று வருகிறது

மேலே போட்ட கணக்கைத் திரும்பிப் பாருங்கள். ஓர் அடுக்குக்கு இருபத்தைந்து. 200 வந்தால் எட்டு அடுக்கு. பெக் பூசிய துகளில் அல்புமின் எட்டு அடுக்காக ஏறாது. எங்கேயோ ஒட்டாத புரதத்தையும் சேர்த்து எண்ணுகிறீர்கள்.

பெரும்பாலும் ட்யூபின் அடியில்தான் விடை இருக்கும். மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் புரதத்தில் ஊறவைத்து, செண்ட்ரிஃப்யூஜில் இறக்கி, மேல்நீரை எடுத்துவிட்டீர்கள். அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு. அதைச் சுற்றி ஒரு 30 மைக்ரோலிட்டர் நீர் நிற்கும். பிபெட் முனை அதைத் தொட்டால் துகளும் சேர்ந்து வரும் என்று விட்டுவிடுவோம். அந்த 30-க்குள் 300 மைக்ரோகிராம் புரதம் இருக்கிறது. நீங்கள் தேடுவது 4. ஒருமுறை 1 மில்லிலிட்டரில் கழுவினால் மிச்சம் 9 மைக்ரோகிராம், இன்னும் தேடுவதைவிட அதிகம். இரண்டாவது கழுவலில் 0.27. மூன்றாவதில்தான் கவலை இல்லாத அளவு. ஒரே ஒருமுறை கழுவிய அளவீட்டை நான் நம்புவதில்லை.

அடுத்து ட்யூபின் சுவர். 1 மில்லிலிட்டர் ஊற்றிய பிளாஸ்டிக் ட்யூபில் நனையும் பரப்பு 4, 5 சதுர சென்டிமீட்டர். தங்கத்தின் மொத்தப் பரப்பில் ஏறக்குறைய பாதி! பெக் இல்லாத அந்தப் பிளாஸ்டிக்கில் புரதம் தாராளமாக ஒட்டும். அதே ட்யூபில் எஸ்டிஎஸ் (புரதத்தைக் கழற்றும் சோப்பு போன்ற பொருள்) ஊற்றிக் கொதிக்கவைத்தால் சுவரில் இருந்ததும் சேர்ந்து வரும். முதல் கழுவலிலேயே துகளைப் புது ட்யூபுக்கு மாற்றுங்கள். துகளே இல்லாமல் புரதம் மட்டும் போட்ட ஒரு ட்யூபுக்கும் எல்லாப் படியையும் செய்யுங்கள். அதில் வரும் எண்ணைக் கழிக்காத முடிவு முடிவே இல்லை.

மூன்றாவது, நிறம். பிசிஏ என்ற புரத அளவுச் சோதனையின் ஊதாவை 562 நானோமீட்டரில் படிக்கிறோம். தங்கம் அங்கேயும் நன்றாக உறிஞ்சும். துகள் கலந்த கரைசலில் நேராகப் பிசிஏ போட்டால் தங்கத்தையே புரதம் என்று எண்ணுவீர்கள். பிராட்ஃபோர்ட் என்ற இன்னொரு புரதச் சோதனையில் 595; துகள் கொஞ்சம் திரண்டிருந்தால் அங்கேயும் அதே கதை. புரதத்தை முதலில் எஸ்டிஎஸ் போட்டுக் கழற்றி, தங்கத்தை இறக்கி, தெளிந்த நீரில் அளங்கள். எஸ்டிஎஸ் இருந்தால் பிராட்ஃபோர்ட் ஆகாது, பிசிஏ தாங்கும். கழற்றும்போது டிடிடி (தயோல் உள்ள ஒடுக்கும் பொருள்) சேர்த்திருந்தாலோ, கழுவாத பெக்-தயோல் மிஞ்சியிருந்தாலோ பிசிஏவும் பொய் சொல்லும். தயோல் தானே செம்பை ஒடுக்கி ஊதா நிறம் தரும்.

## அறிகுறி: ஒட்டவே இல்லை என்று வருகிறது

நல்ல செய்திதானே என்று விட்டுவிடாதீர்கள்.

புரதத்தைக் கலந்து, துகளை இறக்கி, மேல்நீரில் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பவர்கள் உண்டு. 1 மில்லிகிராம் புரதம் போட்டு, அதிலிருந்து அதிகபட்சம் 4 மைக்ரோகிராம் குறையும். ஆயிரத்தில் நான்கு. பிபெட் பிழையே அதைவிடப் பெரியது. இந்த முறை பயன்பட வேண்டுமென்றால் புரதத்தை 10, 20 மைக்ரோகிராமுக்கு இறக்க வேண்டும். அல்லது துகளைப் பத்து மடங்கு அடர்த்தியாக்க வேண்டும்.

இன்னொரு காரணம் கழுவுவதிலேயே இருக்கிறது. துகளைச் சுற்றி ஒட்டும் புரத உறைக்குக் கொரோனா என்ற பெயர் 2007-இல் டப்ளின், லண்ட் ஆய்வாளர்களின் வேலையோடு பரவியது. அதில் இறுக்கமாகப் பிடித்தது ஒரு பகுதி, தளர்வாக வந்து போய்க்கொண்டிருப்பது இன்னொரு பகுதி. மூன்றுமுறை கழுவினால் தளர்ந்தது போய்விடும். பெக் பூச்சில் ஒட்டுவதில் பெரும்பங்கு இந்தத் தளர்ந்த வகைதான். ஆக, கழுவாவிட்டால் ஒட்டாததை எண்ணுகிறோம், கழுவினால் ஒட்டியதை இழக்கிறோம். இதிலிருந்து முழுதாகத் தப்ப வழி இல்லை. நான் இரண்டையும் செய்வேன்: மூன்று கழுவலுக்குப் பிறகு புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல்லில் எந்தப் புரதம் என்று பார்ப்பது, கழுவாமல் கரைசலிலேயே துகளின் விட்டம் எவ்வளவு கூடியது என்று தனியாகப் பார்ப்பது. இரண்டு எண்ணும் வேறுபட்டால் அந்த வித்தியாசத்தையும் சேர்த்து எழுதுங்கள், மறைக்க வேண்டியது எதுவும் இல்லை.

ஜெல்லில் ஒரு சிறு விஷயம். அல்புமினில் 34-ஆம் இடத்தில் ஒரு சிஸ்டைன் (தயோல் உள்ள அமினோ அமிலம்) தளையில்லாமல் இருக்கிறது. அதன் தயோல் நேராகத் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளலாம். எஸ்டிஎஸ் மட்டும் போட்டுக் கொதிக்கவைத்தால் அது கழன்று வராமல் போகலாம். டிடிடி சேர்த்த மாதிரி ஒன்று, சேர்க்காத மாதிரி ஒன்று, பக்கத்துப் பக்கத்துக் குழியில் ஓட்டுங்கள். டிடிடி சேர்த்ததில் மட்டும் அல்புமினின் 66 கிலோடால்டன் பட்டை தடித்தால், உங்கள் பூச்சில் தங்கம் வரை போகும் ஓட்டை இருக்கிறது.

## அறிகுறி: புரதத்தின் ஒளிர்வு அணைகிறது, பிணைப்பு மாறிலியும் கிடைத்துவிட்டது

கொஞ்சம் பொறுங்கள். அல்புமினில் டிரிப்டோஃபான் என்ற ஒளிரும் அமினோ அமிலம் இரண்டு உண்டு. 295 நானோமீட்டரில் தூண்டினால் 340-ஐ ஒட்டி ஒளிரும். தங்கம் சேர்க்கச் சேர்க்க ஒளிர்வு குறையும். ஒட்டியதால் அணைந்தது என்று வரைபடம் போட்டு, பிடிப்பின் வலுவைச் சொல்லும் பிணைப்பு மாறிலியை எடுக்கிறார்கள். ஆனால் தங்கம் 295-லும் உறிஞ்சும், 340-லும் உறிஞ்சும். போகும் ஒளியையும் வரும் ஒளியையும் அது வழியிலேயே விழுங்குகிறது. தூண்டும் இடத்தில் 0.6, ஒளிரும் இடத்தில் 0.5 உறிஞ்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் சராசரி 0.55, பத்தின் அடுக்காக எடுத்தால் 3.5. ஒரு மூலக்கூறுகூட ஒட்டாமலே ஒளிர்வு மூன்றரை மடங்கு குறையும்.

ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு அலைநீளத்திலும் உறிஞ்சலை அளந்து, அந்த மடங்கால் பெருக்கித் திருத்துங்கள். மொத்தம் 0.1-க்குள் இருக்கும்படி நீர்த்துச் செய்தால் இன்னும் நல்லது. திருத்திய பிறகும் அணைவு மிஞ்சினால்தான் பேசலாம்.

## அறிகுறி: டிஎல்எஸ் காட்டும் விட்டம் புரியவில்லை

டிஎல்எஸ் என்பது ஒளிச்சிதறலை வைத்துக் கரைசலில் துகளின் விட்டத்தை அளக்கும் முறை. பூச்சில்லாத துகள் 20 நானோமீட்டருக்குக் கிட்ட, 5,000 டால்டன் பெக் பூசியது 30-க்குக் கிட்ட வந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். பெக் பூசியும் 22 என்றால் சங்கிலி படுத்துக்கிடக்கிறது.

சீரத்தில் போட்டதும் 7 நானோமீட்டர் பக்கம் ஓர் உச்சி வந்தால் அது துகளில்லை; சீரத்தில் மிதக்கும் அல்புமின். பெரிய தங்கத் துகள்களில், 40-க்கு மேல் போனால், புரதமே இல்லாமல் 5 முதல் 10-க்குள் ஒரு போலி உச்சி வரும். முழு உருண்டையாக இல்லாத துகள் சுழல்வதால் வருவது அது. சின்னத் துகள் கலந்திருக்கிறது என்று எண்ணித் திரும்பத் திரும்ப வடிகட்ட வேண்டாம். மாறாக 200, 300 என்று ஏறினால் திரட்சி. சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்காக ஏறுவதால் ஒரு சில திரட்சிகளே எல்லாத் துகளையும் மறைத்துவிடும். யுவி-விஸ்ஸில் 520 உச்சி இரண்டு மூன்று நானோமீட்டர் மட்டும் நகர்ந்து, வடிவம் மாறாமல் இருந்தால் ஒட்டுதல். 650-இல் வால் எழுந்தால் திரட்சி.

## அறிகுறி: நேர்மின் பாலிமர் பூசினேன், புரதம் சேர்த்ததும் கட்டியாகிறது

பிஏஎச், பிஇஐ போன்ற அமீன் பாலிமர் பூசியவர்களுக்கு இது வரும். அல்புமினின் சமமின் புள்ளி (நிகர மின்னூட்டம் பூஜ்யமாகும் பிஎச்) 4.7-ஐ ஒட்டி இருப்பதால் பிஎச் 7.4-இல் அது எதிர்மின். துகள் நேர்மின். புரதத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால் நடுவில் ஒரு கட்டத்தில் இரண்டும் சமமாகி மின்னூட்டமே இல்லாத நிலை வரும். அங்கே ஒரு புரதம் இரண்டு துகளைப் பாலம் போட்டுப் பிடித்துக்கொள்ளும். வழி எளிது: புரதத்தைத் துகளில் சேர்க்காதீர்கள், துகளைப் புரதத்தில் சேருங்கள். மிகுதியான புரதம் சுழன்றுகொண்டிருக்கும்போது துகளை ஒரே மூச்சில் ஊற்றினால், நடுநிலையைக் கணத்தில் தாண்டி எல்லாத் துகளும் எதிர்மின் உறைக்குள் போய்விடும்.

சீட்டா பொடென்ஷியல் (துகளின் மேற்பரப்பு மின்னூட்டத்தைக் காட்டும் அளவு) அளந்தால் சீரத்துக்குப் பிறகு எதிர்க்குறி வரும். கோளாறு என்று பதற வேண்டாம். கேத்தரின் மர்ஃபி குழு 2009-இல் தங்க நானோதண்டுகளில் இதையே கண்டது: தொடக்கத்தில் எந்தக் குறியாக இருந்தாலும், சீரம் கலந்த ஊடகத்தில் எல்லாம் எதிர்மின். செல் பார்ப்பது நீங்கள் பூசிய அமீனை இல்லை, அதன் மேல் போர்த்திய புரதத்தை.

## அறிகுறி: அல்புமினில் தேறியது, பிளாஸ்மாவில் தோற்றது

அல்புமின் ஒன்றை வைத்து மட்டும் பூச்சைத் தேர்ந்தெடுத்தால் இப்படி ஆகும். முதலில் வந்து உட்காருவது எண்ணிக்கையில் மிகுந்த புரதம். மெதுவாக வரும், ஆனால் பிடிப்பு அதிகமுள்ள புரதம் அதைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கும். லியோ வ்ரோமன் பெயரால் அறியப்படும் விளைவு இது. ஐந்து நிமிட மாதிரியும் ஒரு மணி நேர மாதிரியும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சீரமும் பிளாஸ்மாவும் ஒன்றில்லை என்பதையும் மறந்துவிடுகிறோம். சீரத்தில் ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கிடையாது, உறைதலில் போய்விட்டது. உறையாத ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் உண்டு. 340 கிலோடால்டன், 45 நானோமீட்டருக்கு மேல் நீளம். 15 நானோமீட்டர் துகளைவிட மூன்று மடங்கு. 2011-இல் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகக் குழு, பாலி அக்ரிலிக் அமிலம் பூசிய தங்கத் துகள்களில் ஃபைப்ரினோஜன் ஒட்டுவதைக் காட்டியது. 5 நானோமீட்டர் துகளில் அது விரிந்து, வெள்ளை அணுக்களின் மேக்-1 ஏற்பியைத் தூண்டியது. 20 நானோமீட்டர் துகளிலும் ஒட்டியது, ஆனால் அந்தத் தூண்டல் நடக்கவில்லை. எவ்வளவு ஒட்டியது என்ற எண் மட்டும் போதாது, எப்படி ஒட்டியது என்பதும் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போது அல்புமின், ஃபைப்ரினோஜன், பிறகு லைசோசைம் என்று மூன்றையாவது தனித்தனியாகப் பாருங்கள். லைசோசைம் சின்னது, 14 கிலோடால்டன்தான், பிஎச் 7.4-இல் நேர்மின். அல்புமின் நுழையாத இடுக்கில் அது நுழையும்.

## அறிகுறி: முதல் நாள் சுத்தம், மூன்றாம் நாள் புரதம்

தங்கம்-கந்தகப் பிணைப்பு வலுவானது, ஆனால் நிரந்தரமானது இல்லை. வேறு தயோல் வந்தால் இடம் மாறும். ரத்தத்திலும் செல் ஊடகத்திலும் சிஸ்டைன் உண்டு. செல்லுக்குள் குளூட்டதயோன் மில்லிமோலார் கணக்கில் இருக்கிறது. இவை குட்டி மூலக்கூறுகள், பெக் காட்டுக்குள் எளிதாக நுழைந்து தங்கத்தை அடைந்து சங்கிலியை வெளியேற்றும். சங்கிலி போன இடத்தில் புரதம் வந்து உட்காரும். 2012-இல் சோகோலோவ் குழு இதைத் தங்கத் துகளில் காட்டியது. பெக்குக்கும் தங்கத்துக்கும் நடுவில் நீரை வெறுக்கும் ஒரு மெல்லிய அடுக்கை வைத்தால் சிஸ்டைன் உள்ளே வருவது தடைபடுகிறது, புரதம் ஒட்டுவதும் நிற்கிறது என்பதையும் காட்டியது.

உங்கள் துகளில் இதுதான் நடக்கிறதா என்று அறிய: பூசிய துகளை இரண்டாகப் பிரித்து, ஒன்றை வெறும் பிபிஎஸ்ஸிலும் இன்னொன்றைச் சிஸ்டைன் கலந்த பிபிஎஸ்ஸிலும் 37 டிகிரியில் இரண்டு நாள் வையுங்கள். கழுவி, இரண்டிலும் ஒரே அளவு அல்புமின் சேருங்கள். சிஸ்டைன் பக்கம் மட்டும் ஒட்டினால் பூச்சு கழன்றிருக்கிறது. இரண்டிலும் ஒட்டினால் பூச்சு தொடக்கத்திலேயே போதாது, மேலே நெருக்கம் பற்றிச் சொன்ன இடத்துக்குத் திரும்புங்கள். கழல்வது உறுதியானால், ஒரே தயோலுக்குப் பதில் இரண்டு கந்தகப் பிடி உள்ள லிபோயிக் அமில முனைப் பெக், அல்லது தயோலுக்கும் பெக்குக்கும் நடுவில் பதினொரு கார்பன் நீளச் சங்கிலி உள்ள பெக் வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஓரிரு மணி நேரச் சோதனைக்கு அது தேவையில்லை. 37 டிகிரியில் நாள்கணக்கில் நிற்க வேண்டிய துகளுக்கு நான் வேறு எதையும் எடுப்பதில்லை.